படிவத்தின் பின்பக்கத்தில் இருந்த இரண்டு வரி

கொழும்பில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் தர உறுதிப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் மாணவர் கருத்துப் படிவங்கள் கட்டுக்கட்டாக என் மேசைக்கு வரும். அப்படி வந்தவற்றுள் ஒன்றை நான் இன்னும் மறக்கவில்லை. முன்பக்கத்தில் ஆங்கிலத்தில் 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி போட வேண்டும், 5 தான் மிக நல்லது. எல்லாவற்றுக்கும் 4 என்ற கட்டத்திலேயே அடையாளம், பேனையை எடுக்காமல் மேலிருந்து கீழே இழுத்தது போல. இப்படியான படிவம் பத்தில் இரண்டு மூன்று வரும், பார்த்தவுடன் ஒதுக்கிவிடுவோம். அன்று ஏதோ நினைவில் தாளைத் திருப்பினேன். பின்பக்க மூலையில் பென்சிலால், தமிழில், சின்ன எழுத்தில் இரண்டு வரி:

"ஸ்லைட்ஸை முதல்நாளே போட்டால் சொல்லுகளைப் பார்த்துக்கொண்டு வருவன். வகுப்பில எழுதவும் விளங்கவும் ஒரே நேரத்தில ஏலாமக் கிடக்கு."

உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு, கொழும்புக்கு வந்த முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தில் பொருளியலையோ உயிரியலையோ கேட்கும் பிள்ளையின் நிலை அது. வெள்ளவத்தையில் ஒரு போர்டிங் அறையில் இரவு அகராதியோடு உட்காரும் எத்தனையோ பிள்ளைகளுக்கு இதே கதைதான். ஆனால் எங்கள் 20 கேள்விகளில் ஒன்றுகூட அதைக் கேட்கவில்லை. "கற்பித்தல் சாதனங்கள் பொருத்தமாக இருந்தனவா?" என்று கேட்டோம். அந்தப் பிள்ளை 4 போட்டது. உண்மையைப் பின்பக்கத்தில் எழுதியது.

விரிவுரையாளரிடம் அந்த வரிகளைக் காட்டினேன், எழுத்தை அல்ல, தட்டச்சு செய்து. அடுத்த செமஸ்டரிலிருந்து அவர் இரண்டு நாள் முன்னதாக ஸ்லைட்களை ஏற்றத் தொடங்கினார். சிங்களப் பிள்ளைகளும் நன்றி சொன்னதாகப் பிறகு சொன்னார். கேட்டவர் ஒருவர், பயன்பட்டது முழு வகுப்புக்கும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர மீளாய்வுகளில் மாணவர் கருத்தைப் பெற்றதற்கும் அதைப் பயன்படுத்தியதற்கும் சான்று கேட்பார்கள். நல்ல நோக்கம். ஆனால் நடைமுறையில் பெற்றதற்கான சான்று கோப்பில் தடித்துக்கொண்டே போகிறது, பயன்படுத்தியதற்கான சான்றைத் தேட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். "நிரப்பி என்ன மிஸ், ஒண்டும் மாறாதே" என்று ஒரு மூன்றாம் வருட மாணவி என் முகத்துக்கு நேரே கேட்டாள். அவளிடம் சொல்ல என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை.

சரி, வினாக்கொத்தை மூன்று மொழியிலும் கொடுத்துவிட்டால் போதுமா? அது முதல் படி. 1987 இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்நாட்டின் அரச மொழி, தமிழ்ப் படிவம் கேட்பது சலுகை கேட்பதல்ல. ஆனால் அங்கேதான் இன்னொரு சிக்கல் தொடங்குகிறது. 50 பேர் உள்ள வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் மூன்றே பேர் என்றால், தமிழில் எழுதப்பட்ட கருத்து யாருடையது என்று விரிவுரையாளருக்கு உடனே தெரிந்துவிடும். படிவத்தின் தொடக்கத்தில் தாய்மொழி, மாவட்டம், ஆணா பெண்ணா என்று மூன்று பெட்டிகள் இருந்தால் இன்னும் மோசம். முல்லைத்தீவிலிருந்து வந்த பெண் பிள்ளை அந்த வகுப்பில் ஒருத்திதான் இருப்பாள். பெயர் எழுத வேண்டாம் என்று மேலே போட்டுவிட்டுக் கீழே பெயரைத் தவிர எல்லாவற்றையும் கேட்டிருக்கிறோம். அவள் 4, 4, 4 என்று போடாமல் வேறு என்ன செய்வாள்?

அந்தப் பெட்டிகளை எடுத்துவிட்டால் பயம் போகும், ஆனால் அந்த மூன்று பேரின் அனுபவம் மற்ற 47 பேரின் சராசரிக்குள் கரைந்துபோகும். இரண்டும் இழப்புத்தான். நாங்கள் கண்ட வழி இது: பாட அளவிலான படிவத்தில் மொழியும் மாவட்டமும் கேட்பதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை முழுப் பீடத்துக்கும் தனியாக ஒரு வினாக்கொத்து, அதில் மட்டும் மொழியைக் கேட்போம். எந்தக் குழுவிலும் 10 பேருக்குக் குறைவாகப் பதில் வந்தால் அந்தக் குழுவின் முடிவைத் தனியாகப் பிரித்து வெளியிட மாட்டோம். எழுத்துக் கருத்துகள் எல்லாவற்றையும் எங்கள் பிரிவு ஒரே மொழிக்கு மாற்றித் தட்டச்சு செய்த பிறகே விரிவுரையாளருக்குப் போகும். கூடுதல் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் தமிழ்ப் பிள்ளைகள் மனம் திறக்கவில்லையே என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை.

இப்போது பல இடங்களில் தாளுக்குப் பதில் கூகிள் போம். வட்ஸ்அப் குழுவில் லிங்க் வரும். ஒருவர் ஒரு தடவைதான் நிரப்பலாம் என்று அமைத்தால், கணக்குக்குள் நுழையச் சொல்லிக் கேட்கும், மேலே பிள்ளையின் மின்னஞ்சல் முகவரி தெரியும். நாம் மின்னஞ்சலைச் சேகரிக்கவே இல்லை என்றாலும், நிரப்புகிறவருக்கு அது எப்படித் தெரியும்? முதல் திரையிலேயே அதைத் தமிழில் இரண்டு வரியாக எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே பலர் மூடிவிடுவார்கள்.

சராசரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், பீடக் கூட்டங்களில் அதிகம் அடிபடுவது அதுதான். பாதிப்பேர் 5 உம் பாதிப்பேர் 1 உம் போட்டால் சராசரி 3. எல்லாரும் 3 போட்டாலும் சராசரி 3. முதலாவது வகுப்பில் ஏதோ பெரிய பிளவு இருக்கிறது, இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. ஒற்றை எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் 5 எத்தனை, 4 எத்தனை, 1 எத்தனை என்று விரித்துக் காட்டாத எந்த அறிக்கையையும் நான் இப்போது கையொப்பமிட்டு அனுப்புவதில்லை. 60 பேரில் 12 பேர் மட்டும் பதில் தந்திருந்தால் அதையும் முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

அந்த எண்ணை வைத்து ஆசிரியரின் பதவி உயர்வைத் தீர்மானிப்பது இன்னும் ஆபத்து. அமெரிக்காவில் ஓர் இணையவழிப் பாடத்தில் ஒரு பரிசோதனை செய்து 2015 இல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டும் கற்பித்தார்கள். யார் கற்பித்தாலும், ஆண் பெயர் இருந்த குழுக்களில்தான் புள்ளி கூடுதலாக வந்தது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் என் மேசையில் நான் பார்ப்பதோடு பொருந்துகிறது. இளம் பெண் விரிவுரையாளரின் உடையைப் பற்றியும் உச்சரிப்பைப் பற்றியும் எழுதுகிறார்கள். மூத்த பேராசிரியர் ஒருவருக்கு அப்படி எழுதியதை நான் கண்டதில்லை. கனடாவில் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018 இல் ஒரு நடுவர், கற்பித்தலின் தரத்தை அளந்து பதவி உயர்வு தருவதற்கு இந்தப் புள்ளிகளைப் பயன்படுத்தக் கூடாது என்றே தீர்ப்பளித்தார்.

நம் பிள்ளைகளிடம் இன்னொன்றும் உண்டு. "சேருக்கு நாங்கள் மார்க் போடுறதா?" என்ற கூச்சம். அது மரியாதையில் பிறந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கேற்றபடி கேள்வியை மாற்றினோம். ஆளைப் பற்றிக் கேட்காமல் நடந்ததைக் கேட்டோம். "விரிவுரையாளரின் பின்னூட்டம் திருப்தியா?" என்பதற்குப் பதில், "முதல் அசைன்மென்ட் எத்தனை வாரத்தில் கைக்கு வந்தது? எங்கே பிழை என்று எழுதியிருந்ததா?" அப்புறம் வந்த பதில்கள் வேறு மாதிரி இருந்தன. ஐக்கிய இராச்சியத்தில் 2005 முதல் நடக்கும் தேசிய மாணவர் கருத்தாய்விலும் 2023 இல் 'உடன்படுகிறேன், உடன்படவில்லை' என்ற பழைய முறையை விட்டு நேரடிக் கேள்விகளுக்கு மாறினார்கள்.

கேட்கும் நேரமும் முக்கியம். செமஸ்டர் கடைசி வாரத்தில் கேட்டால் பலன் அடுத்த பட்சுக்குத்தான். நாங்கள் இப்போது ஐந்தாம் வாரத்திலும் கேட்கிறோம், மூன்றே கேள்வி: எது விளங்குகிறது, எது விளங்கவில்லை, அடுத்த வாரமே மாற்றக்கூடியது என்ன. ஏழாம் வாரத்துக்குள் விரிவுரையாளர் வகுப்பில் ஐந்து நிமிடம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். முடியாததையும் சொல்ல வேண்டும். நூலகத்தை இரவு பத்து மணி வரை திறக்க முடியவில்லை, ஆளணி இல்லை என்று நாங்கள் அறிவித்தலில் எழுதிப் போட்டோம். யாரும் கோபிக்கவில்லை. அடுத்த தடவை பதில் தந்தவர்களின் தொகை கூடியது.

ஒன்றை மட்டும் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். பகிடிவதை, பாலியல் தொந்தரவு, மிரட்டல் இவற்றைக் கருத்துப் படிவத்தில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். படிவம் என் கைக்கு வரச் சில வாரம் ஆகும், பெயர் இல்லாததால் உங்களைத் தேடி வந்து உதவவும் என்னால் முடியாது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம். நம்பிக்கையான விரிவுரையாளரிடமோ மாணவர் ஆலோசகரிடமோ அன்றைக்கே போங்கள், தனியாகப் போக முடியாவிட்டால் ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மற்றதெல்லாம் படிவத்தில் எழுதலாம், விவரமாக எழுதுங்கள். "லெக்சர் சரியில்லை" என்று வந்தால் நான் யாரிடமும் எதையும் கேட்க முடியாது. "செவ்வாய் நாலு மணி வகுப்பில் பின்வரிசைக்கு மைக் கேட்பதில்லை" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. புதன் காலை பராமரிப்புப் பிரிவுக்கு அழைத்தேன். அடுத்த செவ்வாய்க்குள் மைக் மாறியிருந்தது.