அப்ஸ்கேலிங்: தமிழ்ல என்ன சொல்லலாம்?

சின்ன சென்சார் (வெளிச்சத்த வாங்கி படமாக்குற சில்லு) கேமரா வச்சிருக்கவங்க நெறைய பேர் இப்ப போட்டோவ ஏஐ சாஃப்ட்வேர்ல போட்டு அப்ஸ்கேல் பண்றாங்க, அதாவது படத்த பெருசாக்குறாங்க, ஆனா அத தமிழ்ல எழுதுறப்ப ஒருத்தர் மேம்படுத்தல்ங்கறார், இன்னொருத்தர் உருப்பெருக்கம்ங்கறார், எனக்கு ரெண்டுமே ஒட்டல.

முதல்ல ஸ்கேல். லத்தீன்ல ஸ்காலான்னா ஏணி. ஏணில படிப்படியா இருக்குற மாதிரி கோடு கோடா குறிச்ச அளவுக்கும் அந்த பேரே வந்துருச்சு, ஸ்கூல் பைல இருந்த ஸ்கேலும் அந்த வழிதான். எடை போடுற ஸ்கேல் வேற சொல்லு, அது பழைய நார்ஸ் மொழில கிண்ணத்துக்கு இருந்த பேரு, தராசுத் தட்டு. அப்ப அப்ஸ்கேல்னா அளவுல ஒரு படி மேல ஏத்துறது.

எத ஏத்துறோம்? படத்துல இருக்குற குட்டி குட்டிப் புள்ளிகளான பிக்சலோட எண்ணிக்கைய. பிக்சலுக்கு படவணுன்னு அழகான சொல்லு ஏற்கனவே இருக்கு. ஒரு இன்ச் சென்சார எடுத்துக்கோங்க, பேருதான் ஒரு இன்ச்சு, நிஜத்துல 13.2 × 8.8 மிமீ, பழைய வீடியோ கேமரா குழாயோட அளவுல இருந்து ஒட்டிக்கிட்ட பேரு அது. பெரிய கேமராக்கள்ல இருக்குற ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 × 24 மிமீ, பரப்புல ஏழு மடங்குக்கு மேல. சின்னதுல விழுற வெளிச்சமே கம்மி, அதனாலதான் சாயங்காலம் எடுத்தா நாய்ஸ், அதான் புள்ளி புள்ளியா இரைச்சல், பொரிஞ்சு நிக்குது. அதுல எடுத்த 5472 × 3648 படத்த நீளம் அகலம் ரெண்டுலயும் ரெண்டு மடங்காக்குனா 2 கோடி படவணு 8 கோடி ஆகும், அதாவது நாலு படவணுல மூணு, கேமரா பாக்கவே பாக்காதது.

அந்த மூணு எங்கிருந்து வருது? பழைய பைக்யூபிக் முறைல பக்கத்துல இருக்குற 16 படவணுவ வச்சு நடுவுல என்ன வரும்னு கணக்கு போடும், நம்ம கணக்கு புத்தகத்துல இதுக்கு இடைச்செருகல்னு பேரு. அதுல புது விவரம் எதுவும் சேராது, படம் மழுங்கலாத்தான் இருக்கும். 2014-ல எஸ்ஆர்சிஎன்என்னு ஒரு நியூரல் நெட்வொர்க் வந்ததுக்கப்புறம் வழியே மாறுச்சு, ஒரே படத்தோட தெளிவான பிரதியையும் மங்கலான பிரதியையும் ஜோடி ஜோடியா காட்டி பழக்குறாங்க, அதுக்கப்புறம் மங்கலா ஒன்ன குடுத்தா இங்க இறகுதான் இருந்திருக்கும்னு அதுவே இறகு போட்டுடுது.

தமிழ் படிச்சவங்களுக்கு இடைச்செருகல்னா இன்னொன்னு ஞாபகம் வரும், ஏட்டுல மூலப் பாட்டுக்கு நடுவுல பின்னால வந்தவங்க எழுதி சேர்த்த பாட்டு. சந்தம் சரியா இருக்கும், நடையும் ஒத்துப்போகும், ஆனா கவிஞர் எழுதுனது இல்ல. கம்பராமாயணப் பதிப்புல மிகைப்பாடல்கள்னு அத தனியாவே பிரிச்சு போட்டிருப்பாங்க. ஏஐ பண்றதும் இதேதான், கணக்கு புத்தக அர்த்தமும் ஏட்டுச்சுவடி அர்த்தமும் ஒரே சொல்லுல வந்து சேருது, எனக்கு இந்த சொல்லு மேல அவ்ளோ பிரியம்.

குளத்துக்கரைல ஒரு வெண்மார்பு மீன்கொத்திய எடுத்தேன், லைட் போயிடுச்சு, க்ராப் பண்ணி அப்ஸ்கேல் பண்ணுனா நெஞ்சு வெள்ளைல இழை இழையா இறகு, அலகு ஓரம் கத்தி மாதிரி. ஆனா பின்னாடி தூரத்துல இருந்த ஊராட்சி போர்ட பாத்தா மனசு கஷ்டமா போச்சு, ஒரிஜினல்ல மங்கலா இருந்தாலும் "குளிக்கத் தடை"ன்னு படிக்க முடிஞ்சது, இதுல எழுத்தெல்லாம் பளிச்சுன்னு இருக்கு ஆனா அதுல ஒன்னு கூட தமிழ் எழுத்து இல்ல, கால் எங்கயோ சுழி எங்கயோ.

அதனால நான் எழுதுறப்ப அப்ஸ்கேலிங்குக்கு படவணுப் பெருக்கம், மங்கல் படத்துல இருந்து தெளிவான பெரிய படம் உண்டாக்குற சூப்பர் ரெசல்யூஷனுக்கு மீப்பிரிதிறன், ஏஐ தானா வரைஞ்சு சேக்குறதுக்கு இடைச்செருகல். உருப்பெருக்கம் லென்ஸுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் உரியது, அத அங்கயே விடலாம். மேம்படுத்தல்னா கலர் திருத்துறதும் அதுல வந்துடும், ரொம்ப அகலம்.

மீன்கொத்திய பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடி போர்டு இருந்த இடத்த மட்டும் மாஸ்க் போட்டு (தனியா பிரிச்சு) பழைய மங்கலையே திருப்பி வச்சேன், பின்பக்கம் பென்சில்ல "படவணு பெருக்கியது, 2 மடங்கு, இறகில் இடைச்செருகல் உண்டு"ன்னு எழுதியிருக்கேன்.