'ஊம்' என்று முனகி அடங்கும் ஏசி

"ஏசி போட்டால் உள்ளே காற்று வருகிறது, குளிர் வரவில்லை. மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட் சில விநாடி 'ஊம்' என்று முனகிவிட்டு 'டக்' என்று அடங்கிவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே கதை. பார்க்க வந்தவர் கேஸ் இறங்கிவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார். செய்யலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். கேஸ் குறைந்த வீட்டு ஏசியில் பொதுவாகக் கம்ப்ரெசர் (அவுட்டோர் யூனிட்டுக்குள் கேஸை அழுத்திச் சுற்றவிடும் பாகம்) ஓடும், குளிர்தான் வராது. இங்கே கம்ப்ரெசர் கிளம்பவே இல்லை. அந்த முனகலும் 'டக்'கும் வேறொன்றைக் காட்டிக்கொடுக்கின்றன.

அதற்கு முன் வழக்கமான சோதனைகளை முடித்துவிடலாம். ரிமோட்டை ஃபோன் கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்தினால், பெரும்பாலான ஃபோன்களில் அதன் நுனியில் வெளிச்சம் தெரியும். தெரியாவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். மோட் 'கூல்'தானா, செட் செய்த வெப்பநிலை அறையைவிடக் குறைவுதானா என்று பாருங்கள். எம்சிபி விழுந்திருந்தால் ஒரு முறை தூக்கிவிடலாம். உடனே மறுபடி விழுந்தால் தொடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். த்ரீ ஃபேஸ் வீடு என்றால் ஏசி இருக்கும் ஃபேஸ் மட்டும் போயிருக்கலாம். ஸ்டெபிலைசரும், ஏசியின் போர்டும் மின்சாரம் வந்ததும் சுமார் மூன்று நிமிடம் காக்கவைக்கும். அது கோளாறு அல்ல. கம்ப்ரெசரின் இரு பக்கமும் கேஸ் அழுத்தம் சமமாக அவகாசம் கொடுக்கிறது.

இதெல்லாம் சரி, ஆனாலும் 'ஊம்... டக்' என்றால், இன்வெர்ட்டர் அல்லாத ஏசியில் என் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர்மேல்தான். பள்ளியில் மின்தேக்கி என்று படித்தோமே, அதுதான். அவுட்டோர் யூனிட்டுக்குள் கைக்கு அடக்கமான அலுமினிய டப்பா, மேலே பட்டையான முனைகள். அது எவ்வளவு மின்னூட்டம் கொள்ளும் என்பதை மைக்ரோஃபாரட்டில் சொல்வார்கள். ஒன்றரை டன் ஏசியில் பெரும்பாலும் 50 மைக்ரோஃபாரட் அல்லது அதை ஒட்டிய அளவு இருக்கும்.

கம்ப்ரெசரை ஓட்டுவது அதற்குள் இருக்கும் மோட்டார். இந்தச் சின்ன டப்பா இல்லாமல் அவ்வளவு பெரிய மோட்டார் ஏன் கிளம்பாது? மோட்டாரின் நடுவில் சுழலும் உருளைக்கு ஒயர் எதுவும் போவதில்லை. சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, அந்தப் புலம் சுழன்றால் உருளைக்குள் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அதுவும் புலத்தைத் துரத்திக்கொண்டு சுழலும். ஆனால் நம் வீட்டுக்கு வருவது சிங்கிள் ஃபேஸ். அதை ஒரு சுருளில் விட்டால் காந்தப்புலம் சுழலாது. ஒரே கோட்டில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று விநாடிக்கு 50 முறை மாறி மாறி ஆடும், அவ்வளவுதான். கால் தையல் மெஷினில் மிதிபலகை மேலும் கீழும்தான் போகிறது. தையல்காரர் கையால் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினால்தான் அது எந்தப் பக்கம் சுற்றுவது என்று முடிவாகிறது. மோட்டாருக்கு அந்தக் கை வேண்டும்.

அதற்காக முதல் சுருளுக்குச் செங்கோணத்தில் இன்னொரு சுருளை வைக்கிறார்கள், அதன் வழியில் கெப்பாசிட்டரைக் கோக்கிறார்கள். சுருளில் மின்னழுத்தம் ஏறிய பிறகும் மின்னோட்டம் தயங்கித்தான் ஏறும். கெப்பாசிட்டரில் நேர்மாறு: முதலில் மின்னோட்டம் பாய்ந்து உள்ளே மின்னூட்டம் சேர்ந்தால்தான் அதன் முனைகளில் மின்னழுத்தம் ஏறும். ஆக ஒரு சுருள் பிந்துகிறது, மற்றது முந்துகிறது. இடைவெளி ஏறக்குறைய கால் சுற்று, அதாவது 5 மில்லி விநாடி. முதலில் வடக்கு-தெற்காக உச்சம் தொடும் புலம், 5 மில்லி விநாடி கழித்துக் கிழக்கு-மேற்காக உச்சம் தொடுகிறது, அப்புறம் தெற்கு-வடக்காக, அப்புறம் மேற்கு-கிழக்காக. எந்தப் பாகமும் நகரவில்லை, ஆனால் காந்தப்புலம் சுழல்கிறது! இரண்டு ஊசலாட்டங்களை நேரம் தள்ளி வைத்ததும் ஒரு சுழற்சி பிறக்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இதில் அலுப்புத் தட்டுவதில்லை. சுழலும் புலத்தை 1885இல் இத்தாலியின் டூரின் நகரில் கலிலியோ ஃபெராரிஸ் செய்து பார்த்தார். தனியாக அதே யோசனைக்கு வந்த நிகோலா டெஸ்லா 1888இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஃபெராரிஸ் காப்புரிமையே கேட்கவில்லை.

உங்கள் சீலிங் ஃபேனிலும் இதே ஏற்பாடுதான். அதன் கெப்பாசிட்டர் முழுக்கப் போய்விட்டால் ஃபேன் நின்ற இடத்திலேயே உறுமும். குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் தள்ளிய திசையில் ஓடும், எதிர்த்திசையில் தள்ளினால் அப்படியும் ஓடும். கம்ப்ரெசரின் மோட்டாரோ வெல்டிங் வைத்து மூடிய இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது.

அதனால் அது முனகுகிறது. விநாடிக்கு 50 சுழற்சி, ஒவ்வொன்றிலும் காந்த இழுப்பு இரண்டு முறை உச்சம் தொடுவதால் இரும்பு விநாடிக்கு 100 முறை அதிர்கிறது. நீங்கள் கேட்கும் 'ஊம்' அதுதான். சுழலாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிறது. ஓவர்லோடு புரொடெக்டருக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு வட்டத் தகடு ஒன்று இருக்கிறது. சூடேறியதும் அது 'டக்' என்று மறுபக்கம் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறியதும் பழைய நிலைக்கு வரும். மறுபடி முனகல். இப்படியே பல மணி நேரம் விட்டுவைத்தால் மோட்டார் சுருள் கருகலாம், ஏசியை அணைத்துவிடுங்கள்.

கெப்பாசிட்டர் தேய்வதும் அழகான விஷயம். உள்ளே பிளாஸ்டிக் படலத்தின்மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு. எங்காவது மின்சாரம் படலத்தைத் துளைத்தால், துளையைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகிப் பழுது தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பு போய்விடும், மைக்ரோஃபாரட் இறங்கும். மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டிய யூனிட்டில் இது சீக்கிரம் நடக்கும்.

கெப்பாசிட்டர் நன்றாக இருந்தும் முனகினால் வோல்டேஜைப் பாருங்கள். கிளம்பும் விசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் 180 ஆனால் விசை சுமார் 61 சதவீதம்தான் மிஞ்சும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் கேஸ் நிரப்ப வேண்டும் என்பது நம் ஊரில் வேரூன்றிவிட்ட மூடநம்பிக்கை. மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அதை அடைக்காமல் நிரப்புவது காசுக்கும் கேடு, காற்றுக்கும் கேடு. பழைய ஏசியின் ஆர்-22 வாயு, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைப் போல 1,800 மடங்குக்கு அருகில் புவியைச் சூடாக்கும். ஓசோன் படலத்தையும் அரிக்கும்.

வாசகருக்கு: மெக்கானிக்கிடம் கெப்பாசிட்டரை மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 50 என்று அச்சிட்டிருப்பது 40க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடலாம். நீங்களே திறக்காதீர்கள், மெயினை அணைத்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். புதியது அதே மைக்ரோஃபாரட் அளவில் இருக்க வேண்டும். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். "பெருசா போட்டா நல்லா இழுக்கும்" என்று 60 மைக்ரோஃபாரட் போட விடாதீர்கள், இரண்டாவது சுருளில் மின்னோட்டம் கூடி அது சூடாகும்.