பிரேக் பைப்பின் பலமும் பலவீனமும்

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வருடக்கணக்காக ஓடிய காரை லிஃப்டில் தூக்கிப் பாருங்கள். மேலே பெயின்ட் பளபளக்கும். அடியில், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பிரேக் பைப் துருவேறிப் பொரிந்து கிடக்கும். உப்புக் காற்றின் வேலை அது. எஃகுப் பைப்பின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு, தான் கரைந்து எஃகைக் காக்கும். அது தீர்ந்ததும் உப்பிலிருக்கும் குளோரைடு ஆங்காங்கே குழி பறிக்கத் தொடங்கும். சேறும் ஈரமும் தங்கும் கிளிப்புகளுக்கு அடியில்தான் சேதம் அதிகம்.

இன்னும் துரு ஏறாத எஃகுப் பைப் லேசுப்பட்டதல்ல. பல கார்களில் அதன் வெளிவிட்டம் 4.75 மி.மீ., சுவர் சுமார் 0.7 மி.மீ. பிரேக்கை ஓங்கி மிதித்தால் உள்ளே 100 பார் அளவுக்கு (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 100 மடங்கு) அழுத்தம் ஏறலாம். கணக்குப் போட்டால் சுவரில் விழும் இழுவிசை ஏறக்குறைய 24 மெகாபாஸ்கல்தான். சாதாரண எஃகு அதைப்போல் பல மடங்கு தாங்கும். ஒல்லியாக இருப்பதே அதன் பலம். விட்டம் குறைந்தால் அதே அழுத்தம் சுவரை இழுப்பதும் குறையும். அதனால் புதுப் பைப்பில் கவலைப்பட வேண்டியது வளைவையும் முனையையும் பற்றித்தான்.

வளைக்கும்போது வெளிப்பக்கம் நீண்டு மெலிகிறது, உட்பக்கம் நெருங்கித் தடிக்கிறது, வட்டம் நசுங்கப் பார்க்கிறது. பெண்டரின் (பைப் வளைக்கும் கருவியின்) பள்ளம் பைப்பை இரு பக்கமும் அணைத்துப் பிடிப்பது அதைத் தடுக்கத்தான். வெறுங்கையால் மடக்கினால், செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் போல ஒரே இடத்தில் ஒடிந்து மடிந்துவிடும். மடிந்ததை நிமிர்த்திப் பயனில்லை. அந்த இடம் இறுகி, விரிசலுக்குத் தயாராகியிருக்கும். வெட்டி எறிவதே நல்லது.

கடலோரக் காருக்கு என் ஓட்டு தாமிர-நிக்கல் பைப்புக்கு. சுமார் 90 சதவீதம் தாமிரம், 10 சதவீதம் நிக்கல் கொண்ட இந்தக் கலவை கப்பல்களில் கடல்நீர்க் குழாயாகவே ஓடுகிறது, வளைக்கவும் எளிது. வெறும் தாமிரம் வேண்டாம், அதிர்விலேயே களைத்து விரிசல் விட்டுவிடும்.

அடுத்தது முனை. நட்டை முதலில் கோத்துவிட்டுத்தான் ஃப்ளேர் போட, அதாவது பைப்பின் முனையை விரித்து வடிவமைக்க வேண்டும் (மறந்தால் மறுபடி வெட்ட வேண்டியதுதான்). ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் பெரும்பாலும் 45 பாகையில் இரட்டையாக மடித்த புனல் வடிவம், ஐரோப்பியக் கார்களில் குமிழ் வடிவம். மாற்றிப் போட்டால் கசியும். கசிவை அடைப்பது நட்டின் மரை அல்ல. மரை ஃப்ளேரை அது பொருந்தி உட்காரும் பரப்பில் வைத்து அழுத்துகிறது, அவ்வளவுதான். அந்த அழுத்தமான பொருத்தம்தான் கசிவை அடைக்கிறது. அங்கே டெஃப்லான் டேப் சுற்றுவதில் பயனில்லை. பிய்ந்த துண்டு உள்ளே போனால் வேறு தொல்லை.

அப்புறம் ஏர் எடுக்க வேண்டும், அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். திரவம் அழுந்தாது, காற்று அழுந்தும். ஒரு குமிழி இருந்தாலும் மிதிப்பின் ஒரு பகுதி அதை நசுக்கவே செலவாகும். புதிதாகத் திறந்த பிரேக் ஆயிலையே ஊற்றுங்கள். ஆயில் கொதித்தாலும் உள்ளே குமிழிதான். டாட் 4 என்ற தர ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 வரைகூட இறங்கலாம். புதுச்சேரிக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

கடைசியாக, இன்ஜினை ஓடவிட்டு ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு நட்டையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணி நனையாமலேயே பெடல் மெல்ல இறங்கினால், பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் சீலைச் சந்தேகிக்கலாம்.