ஆம்ப்ளிஃபையருக்கு சாஃப்ட் ஸ்டார்ட்: ரிலே ஒட்டாமல் போனால் என்ன ஆகும்?

சொந்தமாக ஆம்ப்ளிஃபையர் கட்டுகிறவர்கள் பெரிய டொராய்டு டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டுவிட்டு, ஸ்விட்சைத் தட்டினால் எம்சிபி விழுகிறது, சில நாள் விழுகிறது சில நாள் விழுவதில்லை, என்ன கோளாறு என்று கேட்டு வருவார்கள். அதற்குள் பலர் ஃப்யூஸை இரண்டு மடங்கு பெரிதாக மாற்றியிருப்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள், நாளைக்கு உண்மையிலேயே ஷார்ட் ஆனால் காப்பாற்ற ஆளில்லை.

இது கோளாறே இல்லை. டொராய்டின் கோர் இடைவெளி இல்லாத வளையம். முன்பு ஆஃப் செய்தபோது கொஞ்சம் காந்தம் அதில் தங்கிவிடும். அடுத்த முறை ஏசி அலை சுழியத்தைக் கடக்கிற நேரமாகப் பார்த்து ஸ்விட்ச் விழுந்தால் கோர் சாச்சுரேட் ஆகி (இனி காந்தம் ஏற இடமில்லாமல் நிரம்பி), பிரைமரி வெறும் செம்புக் கம்பியாக நிற்கும். 500 வி.ஏ. டொராய்டு என்றால் அந்தக் கம்பியின் தடை இரண்டு மூன்று ஓம்தான். 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட். வகுத்துப் பாருங்கள், நூறு ஆம்பியர் வருகிறது. வயரிங்கின் தடை அதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். செகண்டரி பக்கம் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வேறு காலியாகக் காத்திருக்கின்றன.

மருந்து எளிது, ஆன் செய்த உடனே வரும் கரண்டைக் கொஞ்ச நேரம் அடக்கி வைப்பது. அதுதான் சாஃப்ட் ஸ்டார்ட். பிரைமரிக்கு சீரிஸில் 150 ஓம் 5 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் மூன்றை பேரலலாகப் போட்டால் 50 ஓம். உச்ச கரண்ட் 6.5 ஆம்பியரைத் தாண்டாது. கால் நொடி, அரை நொடி கழித்து ஒரு ரிலே (காயிலில் கரண்ட் ஓடினால் ஒட்டிக்கொள்ளும் ஸ்விட்ச்) அந்த ரெசிஸ்டர்களைக் குறுக்கே இணைத்து ஒதுக்கிவிடும். தாமதத்துக்கு ஐசி எல்லாம் தேவையில்லை. 12 வோல்ட்டிலிருந்து 100 கிலோ ஓம் வழியாக 22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் சார்ஜ் ஆகட்டும், அது ஒரு 2என்7000 மாஸ்ஃபெட்டின் (கேட் காலில் வோல்டேஜ் ஏறினால் ஆன் ஆகும் டிரான்சிஸ்டர்) கேட்டைத் தூக்கும், மாஸ்ஃபெட் ரிலேயை இழுக்கும். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007. அந்த 100 கிலோ ஓமுக்குக் குறுக்கேயும் ஒரு டையோடு, கேத்தோடு 12 வோல்ட் பக்கம். இல்லாவிட்டால் ஆஃப் செய்து உடனே ஆன் செய்யும்போது கெபாசிட்டர் இன்னும் சார்ஜோடு இருக்கும், ரிலே தாமதமில்லாமல் உடனே ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை எல்லாரும் சரியாகவே செய்கிறார்கள். ரிலே ஒட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் யோசிப்பதில்லை. ஆம்ப்ளிஃபையர் சும்மா இருக்கும்போது இழுக்கிற கரண்ட் குறைவு, 50 ஓம் வழியாகவே பாட்டு பாடும், எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். வால்யூமைத் திருப்பியதும்தான் ரெசிஸ்டர் கொதிக்கத் தொடங்கும். உள்ளே அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் என்றால் இன்னும் மோசம், 15 வாட்டுக்கான ரெசிஸ்டர்களில் ஆயிரம் வாட் வரை இறங்கும். பெஞ்சுக்கு வருகிற பெட்டிகளில் ரெசிஸ்டருக்குக் கீழே போர்டு கரிந்து ஓட்டையாகி, பக்கத்து வயரின் உறை உருகி ஒட்டிக்கிடக்கும்.

அதனால் ரெசிஸ்டர்களோடு சீரிஸில் ஒரு தெர்மல் ஃப்யூஸ் (சூடு அளவு மீறினால் அறுந்துபோவது), அவற்றின் உடம்பைத் தொட்டபடி இருக்க வேண்டும். சால்டர் செய்யும்போது அதன் காலை நோஸ் பிளையரால் பிடித்துக்கொள்ளுங்கள், அயர்ன் சூட்டிலேயே போய்விடும் சாமான் அது. ரெசிஸ்டர்களைப் போர்டிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தூக்கி வையுங்கள்.

ரிலேயின் 12 வோல்ட்டைப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியிலிருந்து எடுப்பது மிச்சம் பிடிக்கிற வேலை. ஆம்ப்ளிஃபையரில் கொஞ்சம் லோடு அதிகமானால் அந்த வோல்டேஜ் எழும்பாது, ரிலே ஒட்டாது, ரெசிஸ்டர் எரியும். தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், மெயின் ஸ்விட்சுக்குப் பிறகு.

என்டிசி தெர்மிஸ்டர் (குளிராக இருக்கும்போது தடை அதிகம், சூடானால் குறையும்) ஒன்றே போதாதா என்பார்கள். சூடாக இருக்கும்போது அது தடுப்பதில்லை. மின்சாரம் போய் உடனே வந்தால் காப்பு கிடையாது. போட்டால் அதற்கும் ரிலே வேண்டும். அப்புறம், ஸ்பீக்கரில் வரும் "டப்" சத்தத்துக்கு இது தீர்வு இல்லை. அதற்கு ஸ்பீக்கர் ரிலே வேறு.

இந்தப் போர்டில் மெயின்ஸ், அதாவது 230 வோல்ட், ஓடுகிறது. வீரோ போர்டு (ஓட்டைகளும் செம்புப் பட்டைகளும் நெருக்கமாக உள்ள ரெடிமேட் போர்டு) வேண்டாம், மெயின்ஸுக்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர் விடுங்கள், பெட்டிக்கு எர்த் கொடுங்கள். முதல் ஆன் சீரிஸ் பல்போடு (கரண்ட் அதிகமாகாதபடி மெயின்ஸில் சீரிஸாக ஒரு குண்டு பல்பு). அது சரியானதும் பிளக்கைப் பிடுங்கி, ரிலே காயிலின் ஒரு வயரைக் கழற்றி, பல்பை எடுத்துவிட்டு, டம்மி லோடோடு (ஸ்பீக்கருக்குப் பதில் பெரிய ரெசிஸ்டர்) ஓட்டிப் பாருங்கள். தெர்மல் ஃப்யூஸ் போக வேண்டும், வேறு எதுவும் கருகக் கூடாது. போனால் புதுசு ஒன்றைப் போட்டு, காயில் வயரைத் திரும்ப மாட்டி மூடியைப் பூட்டலாம்.