மாட்டின் வெடித்த தோலும் வேலியோரத்து உண்ணிச்செடியும்

கோடையில் அழகர்மலை அடிவாரத்து ஊர்களிலிருந்து சிகிச்சைக்கு வரும் சில மாடுகளுக்கு ஒரே மாதிரித் தொந்தரவு இருக்கும். தீனி எடுக்காது, சாணி இறுகிப்போகும், கண் மஞ்சள் பூக்கும். வெயிலில் நிற்காமல் நிழலுக்கு ஓடும். சில நாளில் மூக்கு சிவந்து, வெள்ளைத் தோல் இருக்கும் இடமெல்லாம் வெடித்து உரியும். வெயில் கொப்புளம் என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவிக் கூட்டி வருவார்கள். எங்கே மேய்ந்தது என்று விசாரித்தால் பெரும்பாலும் உண்ணிச்செடிப் புதரில் வந்து நிற்கும்.

இலையிலுள்ள லாண்டடீன் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கிறது. பித்தம் வெளியேறாததால், புல் செரிக்கும்போது உண்டாகும் ஒரு நிறமி இரத்தத்தில் தேங்குகிறது. வெயில் பட்டதும் தோல் வெந்துபோகிறது. கறுப்பு மாட்டின் தோல் தப்பிவிடலாம், ஈரல் தப்பாது. அதனால் தோலை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இரைப்பையும் அசைவற்று நின்றுவிடுவதால், தின்ற இலை உள்ளேயே கிடந்து நஞ்சைக் கக்கிக்கொண்டே இருக்கும். மருந்துக்கரி கொடுத்து அதைக் கட்டுப்படுத்த முதல் நாளே வந்தால்தான் வசதி. அதுவரை நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுங்கள். வாயைப் பிளந்து எண்ணெய் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும்.

உள்ளூர் மாடுகள் பொதுவாக இந்தச் செடியைத் தொடுவதில்லை. புல் காய்ந்த பிறகும் இது பச்சையாக நிற்பதால் பசித்த மாடு வாய் வைக்கிறது. சந்தையிலிருந்து புதிதாக வந்த மாட்டுக்கு இதைத் தெரியவே தெரியாது.

தண்டு நாலு பட்டையாக, வளைந்த சிறு முட்களோடு இருக்கும். இலைகள் எதிரெதிராக, சொரசொரப்பாக இருக்கும். கசக்கினால் காட்டமான நெடி வரும். ஒரே கொத்தில் நடுவே மஞ்சளும் ஓரத்தில் ரோஸும் பூத்திருக்கும். பழுத்த காய் கருப்பாகும். அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடியான இது அழகுக்காகத்தான் இங்கே கொண்டுவரப்பட்டது.

சரி, எப்படி ஒழிப்பது? மேலே வெட்டினால் அடியிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும், தீ வைத்தாலும் அப்படித்தான். மழை பெய்து மண் இளகியதும், காய் பிடிப்பதற்கு முன் வேரோடு பிடுங்குங்கள். பெரிய தூராக இருந்தால் மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். பிடுங்கியதை மாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள், காய்ந்த இலையிலும் நஞ்சு இருக்கிறது. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் பரப்புவதால் மரத்தடிகளில் மறுபடி முளைக்கும். அடுத்த மழையிலும் போய்ப் பார்த்துப் பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் உடனே கொழுக்கட்டைப்புல் விதையுங்கள். வேலிக்குக் கிளுவைப் போத்து நட்டால் போதும்.