அலை போய்ச் சேரும், பேச்சு எடுபடுமா?

உக்ரைன் போர் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரம் ஆகியிருந்தது. கீவ் நகரத்துத் தொலைக்காட்சிக் கோபுரம் தாக்கப்பட்டிருந்தது. அந்த நேரத்தில், 2022 மார்ச்சில், பிபிசி தான் கைவிட்ட ஒரு பழைய வேலையை மறுபடி கையில் எடுத்தது. ஐரோப்பாவுக்கான சிற்றலை ஒலிபரப்பை அது 2008இலேயே நிறுத்திவிட்டது. இப்போது தினமும் நான்கு மணி நேரம் ஆங்கிலச் செய்தி: உக்ரைன் நேரப்படி மாலை 4 முதல் 6 வரை 15735 கிலோஹெர்ட்ஸில், இரவு 10 முதல் 12 வரை 5875 கிலோஹெர்ட்ஸில். ஒரே நிலையம், அதே நேயர்கள். பிறகு எதற்கு இரண்டு எண்கள்?

விடை வானத்தில் இருக்கிறது. தரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டருக்கு மேலே காற்று மிகவும் மெல்லியது. சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்குள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. இப்படி உருவாகும் மின்னேற்ற அடுக்குகள்தான் அயனி மண்டலம். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைகளைச் சாய்வாக மேலே அனுப்பினால், அவை இந்த மண்டலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து தரைக்கே திரும்பும். ஒரு தாவலில் மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர்கூடப் போகலாம். தரையில் பட்டு எழும்பி இன்னொரு தாவல், அப்புறம் இன்னொன்று. நடுவில் எத்தனை எல்லைகள் இருந்தாலும் அலைக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை.

பகலில், அயனி மண்டலத்தின் கீழடுக்கு தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். அதனால் உயர்ந்த அதிர்வெண் வேண்டும். சூரியன் மறைந்ததும் கீழடுக்கு கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மேலடுக்கு மட்டும் மிஞ்சும், அதிலும் எலக்ட்ரான்கள் குறைந்திருக்கும். உயர்ந்த அதிர்வெண்ணை வளைத்துத் திருப்ப அதற்குத் தெம்பு போதாது. அலை விண்வெளிக்கே போய்விடும். எனவே இரவில் தாழ்ந்த அதிர்வெண். மாலையில் 15735, நள்ளிரவுக்கு முன் 5875 என்ற கணக்கு இதுதான்.

சூரியனில் 11 ஆண்டுச் சுழற்சி ஒன்று இருப்பதால் ஆண்டுக்கு ஆண்டும் இந்தக் கணக்கு மாறும். பருவத்துக்கு ஏற்பவும் மாறும். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் உலகச் சிற்றலை நிலையங்கள் தங்கள் அலைவரிசைப் பட்டியலை மாற்றிக்கொள்வது இதை ஒட்டித்தான். 100 முதல் 500 கிலோவாட் வரை திறனுள்ள ஒலிபரப்பிகள், கோபுரங்களுக்கு நடுவே திரைபோலக் கட்டிய ஆன்டெனாக்கள், தொலைதூரத் தீவுகளில் ஒலிபரப்பை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையங்கள் என்று எல்லாமே செலவு பிடிக்கும் சமாச்சாரம். விளம்பர வருமானத்தை நம்பி இதை நடத்த முடியாது. வெளிநாட்டு ஒலிபரப்பு பெரும்பாலும் அரசுகளின் கையில் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசுகளின் கையில் இருந்ததால், மறிப்பதும் அரசுகளின் வேலையாயிற்று. சோவியத் ஒன்றியம் மேற்கத்திய ஒலிபரப்புகளின் அலைவரிசையிலேயே இரைச்சலை அனுப்பி அமுக்கியது. இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, பெரிய நகரங்களுக்குள்ளேயே சிறிய இரைச்சல் நிலையங்கள். இவை பலமாக வேலை செய்யும், ஆனால் சில பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் பலமிழக்கும். இன்னொன்று, வெகு தொலைவில் பெரிய நிலையங்களை வைத்து, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் இரைச்சலால் ஒரு பெரும்பரப்பையே மூடுவது.

இந்த இரண்டாவது வழியில் ஓர் ஓட்டை இருந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பௌதிகமும் இதுதான். இரைச்சல் நிலையம் நேயருக்குக் கிழக்கே. ஒலிபரப்பு வருவது மேற்கிலிருந்து. நேயருக்கு மாலை நேரம் என்றால் கிழக்கே ஏற்கெனவே இருட்டிவிட்டது, மேற்கே இன்னும் வெயில். கிழக்கு வானத்து அயனி மண்டலம் வலுவிழந்துவிட்டதால் இரைச்சல் மேலே ஓட்டையிட்டுக்கொண்டு விண்வெளிக்குப் போகும். அதே அதிர்வெண்ணில் மேற்கிலிருந்து வரும் செய்தி, வெயில் பட்ட அயனி மண்டலத்தில் வளைந்து ஒழுங்காக வந்து இறங்கும். தினமும் மாலையில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு வானமே தணிக்கையைத் தளர்த்திவிடும். நகரத்தில் உள்ளூர் இரைச்சல் இருக்கும். ஊரைவிட்டு வெளியே போனால் தெளிவாகக் கேட்கலாம்.

மறிப்பு அரசியலோடு சேர்ந்து ஏறி இறங்கியது. 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் படை நுழைந்தபோது திரும்ப வந்தது. 1973இல் தளர்ந்தது. 1980இல் போலந்துத் தொழிலாளர் போராட்டம் வெடித்ததும் மறுபடி வந்தது. பிபிசி மீதான மறிப்பு 1987 ஜனவரியிலும், மிச்சமிருந்தது 1988 இறுதியிலும் நின்றது.

சரி, அலை வந்து சேர்ந்துவிட்டது. வந்து சேர்ந்ததை ஏன் நம்ப வேண்டும்?

பிபிசியின் முதல் அயல்மொழிச் சேவை அரபு மொழியில் 1938 ஜனவரி 3 அன்று தொடங்கியது. முசோலினியின் இத்தாலி பாரி நகரிலிருந்து அரபியில் பிரிட்டனுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தது, அதற்குப் பதில்தான் இது. முதல் நாள் செய்தியிலேயே, பாலஸ்தீன அரபியர் ஒருவரை பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்ற உத்தரவின்படி தூக்கிலிட்ட செய்தி போனது. வெளியுறவு அலுவலகத்தில் கொதித்துப் போனார்கள். நம் காசில், நம் வானொலியில், நமக்கே சங்கடமான செய்தியா? அந்தச் செய்தியை அன்று விட்டிருந்தால், ஏற்கெனவே விஷயம் தெரிந்த அரபு நேயர் அடுத்த நாளே பாரிக்குத் திருப்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. தனக்குப் பாதகமான செய்தியையும் சொல்கிறவர்தான், சாதகமானதைச் சொல்லும்போதும் நம்பப்படுகிறார்.

இதற்காகவே ஆசிரியர் குழுவுக்கும் அரசுக்கும் நடுவே ஏதாவது ஒரு சுவர் எழுப்பப்படுகிறது. எவ்வளவு உயரம் என்பதுதான் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிபிசி உலகச் சேவைக்கு 2014 வரை வெளியுறவுத் துறையின் மானியம், பிறகு முக்கியமாக, தொலைக்காட்சி பார்க்கும் வீடுகள் கட்டும் உரிமக் கட்டணம், பின்னர் அதோடு மறுபடி அரசு மானியம். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா முழுக்க அரசுப் பணம், ஆனால் செய்தி துல்லியமாகவும் நடுநிலையாகவும் இருக்க வேண்டும் என்று 1976இல் சட்டமே போட்டார்கள். கிழக்கு ஐரோப்பாவை நோக்கிப் பேசிய அமெரிக்க வானொலியான ரேடியோ ஃப்ரீ யூரோப்புக்கு 1970களின் தொடக்கம் வரை சிஐஏ ரகசியமாகப் பணம் கொடுத்தது. மறுபுறம், சீனாவின் சின்ஹுவா செய்தி நிறுவனம் நேரடியாக அந்நாட்டு அமைச்சரவையின் கீழ் உள்ள ஓர் அமைப்பு. அங்கே சுவர் என்ற பேச்சே இல்லை. 1963இலிருந்து தமிழிலும் பேசும் சீன வானொலியின் அறிவிப்பாளர்கள் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டதும், நேயர் கடிதங்களுக்கு அக்கறையாகப் பதில் போட்டதும் நம்பிக்கை தேடும் வேறொரு வழி. அது செய்தியைக் கொண்டு வருவதல்ல, நட்பைக் கொண்டு வருவது.

ஆனால் நம்பகத்தன்மை இல்லாமலும் வேலை நடக்கும் என்று உளவியல் சொல்கிறது. 1951இல் கார்ல் ஹோவ்லண்டும் வால்டர் வைஸும் யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சில கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒன்று, அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் கட்ட முடியுமா என்பது. சிலருக்கு அதை அணு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் சொன்னதாகக் காட்டினார்கள், சிலருக்கு சோவியத் நாளேடான பிராவ்தா சொன்னதாக. படித்த உடனே எதிர்பார்த்தபடிதான்: விஞ்ஞானியின் பெயருக்கு மதிப்பு, பிராவ்தாவுக்குச் சந்தேகம். நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த வித்தியாசம் போய்விட்டது. கருத்து நினைவில் நின்றது, சொன்னவர் பெயர் அதிலிருந்து கழன்றுவிட்டது. இந்த விளைவு எல்லாச் சோதனையிலும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செய்தியைப் படித்த பிறகு ‘இது நம்பத்தகாத இடத்திலிருந்து வந்தது’ என்று சொன்னால் நன்றாகத் தெரிகிறது. முதலிலேயே சொல்லிவிட்டால் மங்கிவிடுகிறது. இதோடு, ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மைபோலத் தோன்றத் தொடங்கும் என்று 1977இல் வேறொரு ஆய்வு காட்டியது.

இப்போது, வெளிநாட்டில் தன் அரசின் கருத்தைப் பரப்பும் ஓர் அதிகாரியின் நாற்காலியிலிருந்து யோசித்துப் பாருங்கள். பெயர் எப்படியும் கழன்றுவிடும் என்றால், முதலிலேயே பெயர் போடாமல் விட்டால் என்ன? 2015இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வு இதைத்தான் காட்டியது. 14 நாடுகளில் குறைந்தது 33 வானொலி நிலையங்கள் சீன சர்வதேச வானொலியின் நிகழ்ச்சிகளைப் பெருமளவு ஒலிபரப்பிக்கொண்டிருந்தன. நடுவில் தனியார் நிறுவனங்கள் நின்றன, சீன அரசு வானொலியின் பங்கு மறைந்திருந்தது. இன்னும் எளிய வழி செய்தி நிறுவனம். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் சிறு பத்திரிகைக்கு அரசுச் செய்தி நிறுவனம் இலவசமாகவோ மலிவாகவோ செய்தி தந்தால் அது அப்படியே அச்சாகும். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கலாம். அதை வாசகர் கடைசியாகத்தான் பார்ப்பார், பார்த்தால்.

கட்டுப்படுத்துகிறவர்களும் அதனால் பெயரைத்தான் தேடிப் போகிறார்கள். 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம், சீன அரசுத் தொலைக்காட்சியான சிஜிடிஎன்னின் உரிமத்தை ரத்து செய்தது. உரிமம் வைத்திருந்த நிறுவனத்துக்கு ஆசிரியர் பொறுப்பு இல்லை என்பதே காரணம். ஒரு வாரத்தில் சீனா பிபிசி வேர்ல்ட் நியூஸைத் தடை செய்தது. 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய அரசு ஊடகங்களான ஆர்டி, ஸ்புட்னிக் இரண்டையும் நிறுத்தியது.

சமூக ஊடகங்கள், இது எந்த அரசின் ஊடகம் என்று கணக்குகளிலும் காணொளிகளிலும் சீட்டு ஒட்டிப் பார்த்தன. யூடியூப் 2018இலும் ட்விட்டர் 2020இலும் தொடங்கின. ஒரு சீட்டில் எதை எழுதுவது என்பதில்தான் சிக்கல். 2023 ஏப்ரலில் ட்விட்டர் அமெரிக்காவின் என்பிஆர் வானொலிக்கு முதலில் ‘அரசு சார்ந்த ஊடகம்’ என்ற சீட்டை ஒட்டியது. எதிர்ப்பு வந்ததும் அதை ‘அரசு நிதி பெறும் ஊடகம்’ என்று மாற்றியது. பிபிசிக்கும் அதே சீட்டுதான். உரிமக் கட்டணம் மக்கள் பணம், அரசுப் பணமல்ல என்று பிபிசி மறுத்தது. என்பிஆர் அந்தத் தளத்தைவிட்டே வெளியேறியது. அந்த மாதம் முடிவதற்குள் ட்விட்டர் எல்லாச் சீட்டுகளையும் கிழித்துவிட்டது: என்பிஆருடையதை, பிபிசியுடையதை, கூடவே ஆர்டி, சின்ஹுவாவுடையதையும்.