பனிக்காலத்தில்தான் புல்தரை காய்ந்து சாகிறது

கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல், மழையும் ஈரப்பதமும் குறைந்த ஊர்களில் லான் வைத்திருப்பவர்கள் வசந்தம் பிறந்ததும் கேட்பது ஒன்றுதான்: "குளிரில் புல்லெல்லாம் செத்துப்போச்சு, என்ன உரம் போடலாம்?" பெரும்பாலும் அந்தப் புல் குளிரில் சாகவில்லை, தண்ணீர் இல்லாமல் செத்திருக்கிறது. கென்டக்கி புளூகிராஸ் மாதிரியான குளிர்ப்பிரதேசப் புல் உறங்கும் காலத்தில் மைனஸ் 20 டிகிரியையும் தாங்கும். பனி மூடாத தரையில் வாரக்கணக்கில் அடிக்கும் வறண்ட காற்றும் பகல் வெயிலும்தான் அதை முடிக்கின்றன. உயரத்தில் வெயிலின் உக்கிரம் அதிகம். மண் உறைந்திருப்பதால் வேர் நீரை உறிஞ்ச முடியாது. மேலே புல்லின் அடித்தூரிலிருந்து ஈரம் போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் பனிக்காலத்திலும் தண்ணீர் விட வேண்டும். மூன்று, நான்கு வாரம் பனியோ மழையோ இல்லையென்றால், பகல் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் போகும் நாளாகப் பார்த்து நண்பகலில் விடுங்கள். இரவு உறைவதற்குள் நீர் கீழே இறங்கிவிடும். முதலில் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள். இறங்கினால் மண் உறையவில்லை. இறங்காவிட்டால் உறைந்திருக்கலாம், அல்லது கட்டாந்தரையாகக் காய்ந்திருக்கலாம். கொஞ்சம் நீர் ஊற்றினால் தெரிந்துவிடும்: உறிஞ்சாமல் தேங்கி நின்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், அது பனிக்கட்டியாகத்தான் மாறும். ஒரு தடவைக்கு 12 மி.மீ. போதும். 100 சதுர மீட்டருக்கு 1,200 லிட்டர் என்று கணக்கு. தண்ணீர் குறைவாக இருந்தால் வெயில் நேராக விழும் சரிவுக்கும் சுவரோரத்துக்கும் மட்டும் விடுங்கள். புல் முதலில் சாவது அங்கேதான். காய்ந்த பனிக்காலத்தில் புல்லைத் தின்னும் சிலந்திப்பூச்சிகள் பெருகுவதும் அதே இடத்தில்தான். ஈரம் இருந்தால் அவற்றின் சேதம் குறையும். வேலை முடிந்ததும் ஹோஸைக் குழாயிலிருந்து கழற்றிவிட வேண்டும். மாட்டியபடியே விட்டால் இரவில் உள்ளே நிற்கும் நீர் உறைந்து குழாய் வெடிக்கும்.

பழுப்பாகக் கிடக்கும் புல் செத்ததா, உறங்குகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கொத்தைப் பிடுங்கி, தூரைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறிச் சருகாக நொறுங்கினால் போய்விட்டது. சந்தேகம் தீராவிட்டால் உள்ளங்கை அளவு புல்லை மண்ணோடு பெயர்த்து, வீட்டுக்குள் ஜன்னலோரத்தில் வைத்து இரண்டு வாரம் தண்ணீர் விட்டால் விடை தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் உரம் வாங்கக் கிளம்புவதில் அர்த்தமில்லை.

புதிதாகப் போடுபவர்களுக்குப் புல் தேர்வுதான் முதல் வேலை. அருகம்புல் இந்தக் குளிருக்கு ஆகாது. புளூகிராஸ் மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவுவதால் தேய்ந்த இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் நிறையத் தண்ணீர் குடிக்கும். டால் ஃபெஸ்கியூ ஆழமாக வேர்விடும், சொட்டை விழுந்தால் மறுபடி விதைக்கத்தான் வேண்டும். நிழலுக்கு ஃபைன் ஃபெஸ்கியூ. பஃபலோ கிராஸுக்கு மிகக் குறைவான நீரே போதும், ஆனால் வெயில் மாதங்களில் மட்டும்தான் பச்சையாக இருக்கும். சுமார் 2,000 மீட்டருக்கு மேல் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

வறண்ட பிரதேச மண் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. 'லானுக்குச் சுண்ணாம்பு போடு' என்ற அறிவுரை மழை அதிகமான ஊர்களிலிருந்து வந்தது. இங்கே அது கெடுதல். மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டு நுரைத்தால் ஏற்கெனவே சுண்ணாம்பு மண்டியிருக்கிறது என்று பொருள். அந்த மண்ணில் கந்தகம் போட்டுக் காரத்தைக் குறைக்க நினைப்பதும் வீண் செலவு. விதைப்பதற்கு முன் 2.5 செ.மீ. உயரத்துக்கு மட்கு உரம் பரப்பி, 15 செ.மீ. ஆழம்வரை கொத்திக் கலந்துவிடுங்கள். 100 சதுர மீட்டருக்கு 2.5 கன மீட்டர் பிடிக்கும். சாண எருவில் உப்பு அதிகம் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

100 சதுர மீட்டருக்கு புளூகிராஸ் விதை 1 முதல் 1.5 கிலோ, டால் ஃபெஸ்கியூ 3 முதல் 4 கிலோ. மண்ணின் வெப்பம் 10 டிகிரியைத் தாண்டிய பிறகே விதைக்கலாம். கோடையின் பின்பகுதி நல்ல காலம். மண்ணில் சூடு இருக்கும், களை குறைவு. ஆனால் முதல் உறைபனிக்கு ஆறு வாரமாவது மிச்சம் இருக்க வேண்டும். இங்கே விதைப்பு தோற்பதற்கு முக்கியக் காரணம் காற்றின் வறட்சி. மேல்மண் சில மணி நேரத்திலேயே காய்ந்துவிடும். ஊறி முளைவிட்ட விதை காய்ந்தால் திரும்ப முளைக்காது. அதனால் முளைக்கும்வரை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை லேசாகத் தெளிக்க வேண்டும். புளூகிராஸ் முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாளே விதை சரியில்லை என்று முடிவு கட்டித் தண்ணீரை நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம்.

வளர்ந்த லானுக்கு உச்சக் கோடையில் வாரத்துக்கு 25 முதல் 40 மி.மீ. தேவைப்படும். நான்கைந்து காலி டப்பாக்களை ஆங்காங்கே வைத்து ஸ்பிரிங்க்ளரை ஓட்டினால், எவ்வளவு விழுகிறது, எங்கே விழவில்லை என்று தெரியும். களிமண்ணில் ஒரே மூச்சாக விட்டால் வழிந்தோடும். பத்து நிமிடம் விட்டு, அரை மணி ஊறவிட்டு, மீண்டும் பத்து நிமிடம் விடுங்கள். வெட்டும் உயரம் 6 முதல் 8 செ.மீ. பிளேடு மழுங்கியிருந்தால் நுனி கிழிந்து, வறண்ட காற்றில் முழுத் தரையும் வெளிறித் தெரியும்.

உரத்தில் முக்கியமானது இலையுதிர்காலத் தவணை. 100 சதுர மீட்டருக்கு அரைக் கிலோ நைட்ரஜன், அதாவது யூரியாவாக 1.1 கிலோ, புல் இன்னும் பச்சையாக இருக்கும்போதே போட்டுத் தண்ணீர் விட்டுவிடுங்கள். உறைந்த தரையில் போட்டால் அத்தனையும் கழுவிக்கொண்டு போகும். கோடையில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இருக்கும், காரம் அதைப் பூட்டி வைத்திருக்கும். இலைமேல் ஃபெரஸ் சல்ஃபேட் தெளித்தால் சில வாரம் தாங்கும். சிமென்ட் நடைபாதையில் பட்டால் துருக்கறை போகவே போகாது. தெளிப்பதற்கு முன் அளவுக்கு மீறித் தண்ணீர் விடுகிறோமா என்று பாருங்கள், அதுவும் இதே மஞ்சளைக் கொடுக்கும்.

ஸ்பிரிங்க்ளர் குழாய்களை முதல் கடும் உறைவுக்கு முன்பே காலி செய்ய வேண்டும். கம்ப்ரஸர் வைத்து ஊதினால் காற்றழுத்தம் பாலிஎதிலின் குழாய்க்கு 50 பி.எஸ்.ஐ., பிவிசிக்கு 80 பி.எஸ்.ஐ. தாண்டக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வால்வைத் திறந்து, ஸ்பிரிங்க்ளர் தலையிலிருந்து நீர் வருவது நின்றதும் உடனே மூடிவிடுங்கள். காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் ஸ்பிரிங்க்ளர் தலைக்குள் இருக்கும் பல்சக்கரம் சூடேறித் தேய்ந்துபோகும்.